கட்டையான ஸ்கோரரை முதல் ஐவரில் இறக்குவதற்கு முன்

கொழும்பில் எந்தப் பாடசாலைக் கூடைப்பந்து அணியை, எந்தக் கழக அணியை எடுத்தாலும் இப்படி ஒரு பெடியன் இருப்பான். உயரம் 5 அடி 6 அல்லது 7. லீக் சுற்றில் ஆட்டத்துக்கு 20 புள்ளி போடுவான், மறிக்க ஆளிருக்காது. அரையிறுதியில் எதிரணியின் 6 அடிக் கார்ட் (வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரன்) அவன் தலைக்கு மேலால் எறிந்துகொண்டே இருப்பான். அவன் போட்ட 20ஐயும் அந்தப் பக்கத்தால் 24 ஆகத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தோற்ற பிறகு கோச்சுக்கும் பேச்சு, பெடியனுக்கும் பேச்சு.

கிண்ணம் வெல்லும் அணியில் அவன் முதல் ஐவரில் விளையாடலாம். ஆனால் அவனைத் தெரிவு செய்வதற்கு முன், பின்வரிசையில் அவனோடு நிற்கப்போகும் மற்றக் கார்டைத் தெரிவு செய்ய வேண்டும். சோடி சரியில்லாவிட்டால் அவன் 30 புள்ளி போட்டாலும் காணாது.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் வரலாற்றைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். டிட்ரொய்ட் பிஸ்டன்ஸ் 1989இலும் 1990இலும் கிண்ணம் எடுத்தபோது 6 அடி 1 அங்குல ஐசேயா தோமஸுக்குப் பக்கத்தில் ஜோ டூமார்ஸ் நின்றார். அவரும் 6 அடி 3தான், ஆனால் மைக்கல் ஜோர்டனை மறிக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளக்கூடியவர். கோல்டன் ஸ்டேட்டில் ஸ்டெஃபன் கரியோடு நின்ற கிளே தொம்சன் 6 அடி 6. எதிரணியின் கெட்டிக்காரக் கார்டைப் பெரும்பாலும் அவர்தான் பொறுப்பெடுப்பார். பிலடெல்பியாவில் கோச் லாரி பிரவுண், 6 அடி அலன் ஐவர்சனை பந்தைக் கொண்டுவரும் போயின்ட் கார்ட் இடத்திலிருந்து, எறிவதே முதல் வேலையான ஷூட்டிங் கார்டாக மாற்றி, எரிக் ஸ்னோ என்ற 6 அடி 3 தடுப்பாட்டக்காரரைச் சோடியாக்கினார். 2000-01 பருவத்தில் ஐவர்சன் ஆட்டத்துக்கு 31.1 புள்ளி போட்டு எம்.வி.பி. (பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார், அணி இறுதிச் சுற்றுக்குப் போய் லேக்கர்ஸிடம் 4-1 என்று தோற்றது. கிண்ணம் இல்லைத்தான். ஆனால் அந்த ஆட்களை வைத்து இறுதிச் சுற்றுக்குப் போனதே அந்தச் சோடியாலும், பின்னால் ரிங்கைக் காத்து நின்ற டிகெம்பே முட்டொம்போவாலும்தான்.

கோச்மார் கவனித்துப் பார்க்க வேண்டிய உதாரணம் 2011 டாலஸ். இறுதிச் சுற்றில் மயாமியிடம் 2-1 என்று பின்னால் நின்றபோது, டாலஸ் கோச் ரிக் கார்லைல் 4ஆம் ஆட்டத்துக்கு 6 அடிகூட ஒழுங்காக இல்லாத ஜே.ஜே. பரேயாவை முதல் ஐவரில் இறக்கினார். தடுப்பாட்டத்துக்கென்றே இருந்த டிஷோன் ஸ்டீவன்சன் பெஞ்சுக்குப் போனார். டாலஸ் அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. துணிச்சல் மட்டும் அதைச் செய்யவில்லை. மயாமி அப்போது மைக் பிபியைத் தொடக்கத்தில் இறக்கிக்கொண்டிருந்தது. பெரிய உயரமில்லாதவர், பெரும்பாலும் வெளியே நின்று எறிபவர். பரேயாவிடம் மறிக்கக் கொடுக்க அங்கே ஓர் ஆள் இருந்தது. ஜேசன் கிட், ஷோன் மரியன், டைசன் சாண்ட்லர் ஆகியோர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் அளவெடுங்கள்

கட்டை என்பது யாரை மறிக்கப் போகிறான் என்பதைப் பொறுத்தது. தலை உயரத்தை விட, நின்றபடி கையைத் தூக்கினால் எட்டும் உயரம் முக்கியம். வெறுங்காலோடு சுவரோரம் நிற்க வைத்து, ஒரு கையை முழுதாக நீட்டச் சொல்லி, விரல் நுனியில் சோக்கட்டியால் கோடு போடுங்கள். முழு அணிக்கும் ஒரே நாளில் எடுங்கள். 5 அடி 7இல் நீண்ட கை உள்ளவன், 5 அடி 9இல் கை குட்டையானவனை விட நன்றாகத் தடுப்பதைப் பார்ப்பீர்கள். எதிரணியின் ஸ்கோரருக்கும் இவனுக்கும் எட்டும் உயரத்தில் 15 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால், எவ்வளவு கிட்டப் போய்க் கை தூக்கினாலும் அந்த எறிதலுக்கு இடைஞ்சல் இல்லை என்றே கணக்கெடுங்கள். அந்த ஆளை இவனிடம் கொடுக்கவே கூடாது.

அடுத்தது, அவன் போடும் புள்ளி என்ன விலைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். கடைசி ஆறு ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டையும் பக்கத்தில் இருந்து எழுதிய கொப்பியையும் எடுங்கள். எறிந்த எறிதல்கள் எல்லாவற்றையும் கூட்டி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் இலவச எறிதல்) எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கிச் சேருங்கள். மொத்தப் புள்ளியை அதால் பிரியுங்கள். 120 புள்ளி, 114 எறிதல், 30 ஃப்ரீ த்ரோ என்றால்: 114 + 13.2 = 127.2. ஒரு முயற்சிக்கு 0.94 புள்ளி. அதே ஆறு ஆட்டத்தில் இன்னொருவன் 78 எறிதலும் 24 ஃப்ரீ த்ரோவும் எடுத்து 96 புள்ளி போட்டிருந்தால் அவனுக்கு 1.08 வரும். முன்னவன் ஆட்டத்துக்கு 20, பின்னவன் 16. ஆனால் பந்து யாரிடம் கூடப் போக வேண்டும் என்று இப்போது விளங்கும். கட்டையானவனின் கணக்கு அணியின் மொத்தக் கணக்கை விடக் குறைவாக வந்தால் பேச்சே இல்லை, பெஞ்சிலிருந்து வரட்டும். தடுப்பாட்டத்தில் நட்டம் தரப்போகிறவன் தாக்குதலில் இலாபம் காட்டித்தான் ஆக வேண்டும்.

நட்டத்தையும் எழுதுங்கள். பெஞ்சில் ஒரு மாற்று ஆட்டக்காரனிடம் கொப்பியைக் கொடுத்து, எதிரணி இவனைத் தேடி வந்து தாக்கிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு, பக்கத்தில் அதிலே போன புள்ளி. நாலைந்து ஆட்டத்துக்குள் படம் தெளிவாகிவிடும். அனேகமான சிறிய அணிகள் இவனைத் தேடுவதே இல்லை, அவர்களுடைய கார்டும் கட்டைதான். உங்கள் பிரச்சினை இரண்டோ மூன்று அணிகளோடு மட்டும்தான். அதனால் லீக் சுற்றுக்கு ஒரு ஐவர், அந்த அணிகளுக்கு வேறு ஐவர் என்று வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோடிக் கார்ட்

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. அணியிலேயே பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரிந்த இரண்டு பேரும் கட்டை; ப்ரெஸ்ஸுக்கு (பந்தைக் கொண்டுவர விடாமல் கோர்ட் முழுக்க நெருக்குவதற்கு) பயந்து இரண்டு பேரையும் ஒன்றாக இறக்குகிறோம். பந்து அரைக்கோட்டைத் தாண்டும், பிறகு மற்றப் பக்கத்தில் இரண்டு ஓட்டை திறக்கும். ஒரு ஓட்டையை மூடலாம். இரண்டை மூட முடியாது.

சோடியாக வேண்டியவன் 5 அடி 10க்கு மேல், கை நீளம், பக்கவாட்டில் நகரக்கூடிய கால். எதிரணியின் முதல் ஸ்கோரரை 30 நிமிடம் மறித்தும் முகம் கோணாதவன். தாக்குதலில் அவனிடம் கேட்பது இரண்டு விஷயம்தான்: மூலையில் நின்று வெறுமையாகக் கிடைக்கும் த்ரீயை (மூன்று புள்ளி எறிதலை) போடுவது, ட்ராப் வந்தால், அதாவது கட்டையானவனை இரண்டு பேர் சூழ்ந்தால், பந்தை வாங்கி முன்னே இரண்டு ட்ரிபிள் (நிலத்தில் பந்தைத் தட்டுவது) போவது. ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) கோர்ட்டில் மேற்பகுதியில் த்ரீ கோடு 6.75 மீற்றர், மூலையில் 6.60 மீற்றர். அந்த 15 சென்ரிமீற்றர் சின்ன வித்தியாசம் போலத் தெரிந்தாலும், பாடசாலைப் பெடியன்களின் கைப்பலத்துக்கு அது உதவும். பயிற்சி முடிவில் மூலைக்கு 40 எறிதல், இரு பக்கமும் சமனாக. 40க்கு 14 விழாவிட்டால் எதிரணி அவனை விட்டுவிட்டுக் கட்டையானவன்மீது இரண்டு பேரை அனுப்பும்.

அப்படியான ஆள் கார்ட்களுக்குள் இல்லையென்றால் சிறிய ஃபோர்வேர்ட்களுக்குள் (கார்டை விட உயரமான, ரிங்குக்குக் கிட்ட ஆடுபவர்களுக்குள்) தேடுங்கள். 6 அடி உயரத்தில், ஸ்கோர் பண்ணத் தெரியாததால் பெஞ்சில் இருக்கும் பெடியன் ஒருவன் அனேகமாக அகப்படுவான்.

ஸ்கிரீன் வந்தால்

தடுப்பாட்டத்தில் உண்மையான சண்டை இங்கேதான். நீங்கள் கட்டையானவனை அவர்களுடைய பலவீனமான எறிகாரனிடம் ஒளித்து வைப்பீர்கள். கெட்டிக்காரக் கோச் அந்தப் பலவீனமான ஆளையே ஸ்கிரீன் போட, அதாவது அசையாமல் நின்று உங்கள் தடுப்பாட்டக்காரனின் வழியை உடம்பால் மறிக்க, அனுப்புவார். நீங்கள் ஸ்விட்ச் பண்ணினால் (மறிக்கும் ஆட்களை மாற்றிக்கொண்டால்) அவர்களுடைய ஸ்கோரருக்கு முன்னால் உங்கள் கட்டையன். 2016 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் 7ஆம் ஆட்டத்தில் 89-89, 53 விநாடி மிச்சம் இருக்க கிளீவ்லண்டின் கைரி ஏர்விங் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராகப் போட்ட த்ரீ இப்படித்தான் வந்தது: ஜே.ஆர். ஸ்மித் ஸ்கிரீன் போட, கிளே தொம்சன் விலகி, கரி ஏர்விங்குக்கு முன்னால் வந்துவிட்டார்.

ஆகவே இந்தச் சோடிக்கு அடிப்படைச் சட்டம் ஸ்விட்ச் இல்லை, ‘ஷோ’. நடக்க வேண்டியது இது. ஸ்கிரீன் போட வருபவன் மூன்று அடி தூரத்தில் இருக்கும்போதே கட்டையானவன் “ஷோ, ஷோ” என்று கத்த வேண்டும். சிங்களப் பெடியன்களும் தமிழ்ப் பெடியன்களும் கலந்த அணியென்றால் எல்லோருக்கும் ஒரே சொல்லாக இருப்பது நல்லது. பந்துக்காரன் ஸ்கிரீனை உரசிக்கொண்டு வெளியே வரும் கணத்தில் கட்டையானவன் இரண்டு எட்டுப் பக்கவாட்டில் பாய்ந்து அவன் பாதையில் நெஞ்சைக் காட்டி நிற்க வேண்டும். இரண்டு கையும் தலைக்கு மேல். பந்தைத் தட்டப் போகவே கூடாது. பந்துக்காரன் ஒரு எட்டுப் பின்னுக்கு வைத்தால் வேலை முடிந்தது. அதற்குள் சோடிக் கார்ட் ஸ்கிரீனுக்கு அடியாலோ மேலாலோ வந்து “எடுத்திட்டன்” என்பான். அந்தச் சொல் கேட்டவுடன் கட்டையானவன் தன் ஆளிடம் ஓட வேண்டும், திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கக்கூடாது.

பிழைக்கும் இடங்கள் மூன்று. பிந்திப் பாய்ந்தால் பந்துக்காரன் மூலைவளைந்து உள்ளே போயிருப்பான், இடித்து ஃபவுல். கையைக் கீழே வைத்திருந்தால் தலைக்கு மேலால் பாஸ் போகும். மூன்றாவதுதான் ஆபத்து: ஸ்கிரீன் போட வந்தவன் போடாமலே ரிங் பக்கம் நழுவுவான். அதைக் கட்டையானவனால் பிடிக்க முடியாது. எதிர்ப்பக்க ஃபோர்வேர்ட்தான் உள்ளே வந்து அடைக்க வேண்டும். அதனால் ‘ஷோ’வை இரண்டு பேரை மட்டும் வைத்துப் பழக்கினால் பிரயோசனம் இல்லை. 4க்கு 4 வைத்து, ஒரு நாளைக்கு 12 நிமிடம், வாரத்தில் மூன்று நாள்.

எல்லாம் பிழைத்து அவன் அவர்களுடைய பிக்கோடு (உள்ளே ஆடும் மிக உயரமானவன்) போஸ்டில் (ரிங்குக்குக் கிட்டிய இடத்தில்) மாட்டிக்கொண்டால், பிக்கின் பின்னால் நின்று தள்ளுப்படக் கூடாது. பந்துக்கும் பிக்குக்கும் நடுவில், முன்னால் போய் நிற்க வேண்டும். எதிர்ப்பக்க ஃபோர்வேர்ட் “போ தம்பி, மூலைக்குப் போ” என்று அவனைத் தள்ளிவிட்டுத் தான் பிக்கை எடுப்பான். இவன் மூலையில் இருக்கும் ஃபோர்வேர்டின் ஆளிடம் ஓடுவான். இந்த மாற்றம் பந்து போஸ்டுக்கு எறியப்படும் முன் முடிய வேண்டும். பந்து பிக்கின் கையில் விழுந்த பிறகு மாறப் போனால் லே-அப்தான், ரிங்குக்குக் கிட்டப் போய்ப் போடும் இலகுவான கூடை. அப்போது இருந்த இடத்திலேயே இருந்து, எல்லைக்கோட்டுப் பக்கத்தால் இரண்டாவது ஆள் வரட்டும்.

இதில் ஃபீபா விதி எங்களுக்குச் சாதகம். என்.பி.ஏ.யில் யாரையும் மறிக்காத தடுப்பாட்டக்காரன் பெயின்ட்டுக்குள் (ரிங்குக்கு முன்னால் நிறம் பூசிய பகுதிக்குள்) மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. இங்கே அந்தச் சட்டம் இல்லை. உங்கள் பிக் ரிங்குக்கு அடியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு “கட்டையனை ஒளிக்க முடியாது” என்று முடிவெடுப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அதே சட்டத்தால் எதிரணியின் பிக்கும் உள்ளே நிற்பான். உங்கள் பெடியன் ரிங் வரை போய்ப் போடும் லே-அப்கள் இங்கே குறையும்.

ஸோன் (ஆளை இல்லாமல் இடத்தைப் பிடித்து மறிப்பது)? மேலே இருவரும் கீழே மூவரும் நிற்கும் 2-3இல் அவனை மேலே வைத்தால் ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவுக்குத் தலைக்கு மேலால் பாஸ் போய்க்கொண்டிருக்கும். மேலே ஒருவர், நடுவில் மூவர், அடியில் ஒருவர் நிற்கும் 1-3-1இல் எல்லைக்கோட்டோரம் மூலைக்கு மூலை ஓடும் வேலை கட்டையான வேகக்காரனுக்குப் பொருந்தும், ரீபவுண்ட் (விழாத எறிதலில் திரும்பி வரும் பந்து) போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம்.

ரீபவுண்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவன் பந்தை எடுக்கத் தேவையில்லை. எறிதல் பறந்தவுடன் தன் ஆளின் தொடையில் தன் பின்பக்கத்தைப் பொருத்தி இரண்டு விநாடி நிறுத்தினால் போதும், பந்தை மற்றவன் எடுப்பான். மேலே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பிழை.

தாக்குதலில் அவனுக்கு என்ன வேண்டும்

முதலாவது ஃப்ளோட்டர். ரிங்கிலிருந்து இரண்டரை முதல் மூன்றரை மீற்றருக்குள், பிக் எட்டிப் பிடிப்பதற்கு முன், ஒற்றைக் கையால் மேலே எறியும் பந்து. இரண்டு காலாலும் நின்றுவிட்டு எறிந்தால் பிக்குக்கு நேரம் கிடைத்துவிடும். நாளுக்கு 50, அதில் பாதி இடது பக்கத்தால் வந்து. ஒரு நீளமான விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன் முன்னால் நிற்கட்டும். ஆளில்லாமல் பழகிய ஃப்ளோட்டர் ஆட்டத்தில் ரிங்கின் முன்விளிம்பில்தான் படும். இரண்டாவது, ரிங்கைக் கடந்துபோய் மற்றப் பக்கத்தால் போடும் லே-அப்: வளையமும் வலையும் பிக்கின் கையை மறிக்கும்.

மூன்றாவது, பந்தில்லாமல் ஓடுவது. பத்து ட்ரிபிள் தட்டி 24 விநாடியில் 15ஐத் தின்றுவிட்டு எறிவதுதான் அவனுடைய 0.94க்குக் காரணம். போயின்ட் இடத்தில் சோடிக் கார்ட் பந்தைக் கொண்டுவரட்டும். இவன் எல்லைக்கோட்டோரம் இரண்டு ஸ்கிரீனை உரசி ஓடி மேலே வந்து வாங்கட்டும். உயரமான ஆளுக்கு ஸ்கிரீன்களைச் சுற்றி ஓடுவதுதான் பெரிய தொல்லை, அதை அவனுக்குக் கொடுங்கள்.

ட்ராப்புக்கு விடை: இரண்டு உயரமானவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு அவனால் எதையும் பார்க்க முடியாது. முதலாமவன் நின்று, இரண்டாமவன் இன்னும் ஓடி வரும்போதே, நிலத்தில் குத்தும் பாஸாக நடுவில் நிற்கும் ஃபோர்வேர்டுக்குப் போக வேண்டும். பக்கக்கோட்டோரம் பந்தைக் கொண்டுபோகத் தடை போடுங்கள். அரைக்கோட்டைத் தாண்ட 8 விநாடி இருக்கிறது, அவசரம் வேண்டாம்.

எங்கள் பயிற்சி பெரும்பாலும் சீமெந்துத் திறந்த கோர்ட்டில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பின்னேரக் கடற்காற்று த்ரீயைத் தள்ளும், ஐப்பசி மழைக்கு வாரக்கணக்கில் பயிற்சி நிற்கும். இறுதியாட்டம் சுகததாச உள்ளரங்கில் என்றால் தரையும் வேறு, ரிங்குக்குப் பின்னால் தெரியும் தூரமும் வேறு. முன்னமே எங்காவது ஓர் உள்ளரங்கில் இரண்டு தரமாவது எறிய விடுங்கள். தூரத்திலிருந்து எறிந்து வாழ்பவனுக்குத்தான் இது கூடப் பாதிக்கும். வியர்வையில் பந்து வழுக்கும், மாற்று சேர்ட்டும் துவாயும் அவன் பையில் இருக்க வேண்டும்.

தொடங்குவதா, பெஞ்சிலிருந்து வருவதா

சோடிக் கார்ட் கிடைத்திருந்தால், ஒரு முயற்சிக்கு ஒரு புள்ளிக்கு மேல் போடுகிறான் என்றால், எதிரணியின் முதல் ஐவரில் அவன் மறிக்கக்கூடிய ஓர் ஆளாவது இருந்தால் தொடங்கட்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் ஆறாவது ஆள். டிட்ரொய்ட்டில் வினி ஜோன்சன், 2011 டாலஸில் ஜேசன் டெரி, இருவரும் பெஞ்சிலிருந்து வந்து கிண்ணம் எடுத்தவர்கள்; 1990 இறுதிச் சுற்றை முடித்துவைத்த கூடையை 0.7 விநாடி இருக்கப் போட்டவர் ஜோன்சன். பழைய மாணவர்களும் தகப்பன்மாரும் அரங்கிலிருந்து “ஏன் சேர் அவனை இறக்கவில்லை” என்று கத்துவார்கள். முதல் நாளே பெடியனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: “தம்பி, நீ முதல் நாலு நிமிடம் பார், அவங்கட உயரமான கார்ட் களைச்சு வெளியே போக உன்னை விடுறன்.” அவனுக்குக் காரணம் தெரிந்தால் வீட்டுக்கும் தெரியும்.

தொடங்கினால் 40 நிமிடத்தில் 28 முதல் 30 போதும். ஐந்து ஃபவுலில் வெளியே போகும் விதியில், முதல் கால்பகுதியில் இரண்டு ஃபவுல் வந்தால் அரைநேரம் வரை பெஞ்சில் இருக்கட்டும். ‘ஷோ’வுக்குப் பிந்துவதால்தான் அவனுடைய ஃபவுல்கள் வரும், எனவே எப்போது வந்தது என்றும் கொப்பியில் எழுதுங்கள். களைப்பு வந்த பிறகு வந்ததா, தொடக்கத்திலேயா என்பது மருந்தை மாற்றும்.

கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு பொறி இருக்கிறது. தாக்குதலுக்கு இவன், தடுப்பாட்டத்துக்கு உயரமானவன் என்று மாறி மாறி இறக்கலாம் என்று கோச்மார் நினைப்பார்கள். நாலாவது கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் கூடை விழுந்தால், மாற்று ஆள் கேட்கும் உரிமை கூடை வாங்கிய அணிக்குத்தான். கூடை போட்ட அணிக்கு டைம்-அவுட்டும் கிடையாது. ஆகவே உங்கள் கட்டையன் 40 விநாடி இருக்கக் கூடை போட்டு ஒரு புள்ளி முன்னுக்குக் கொண்டுவந்தால், எதிரணி தானாக ஆட்டத்தை நிறுத்தாவிட்டால் அடுத்த தடுப்பாட்டத்தில் அவன்தான் நிற்பான். அவர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். வாரம் ஒரு முறையாவது ஸ்கோர்போர்டில் 1:30 வைத்து, ஒரு புள்ளி வித்தியாசத்தில், 5க்கு 5 ஓடவிடுங்கள். அவன் போட்ட கூடைக்குப் பிறகு மாற்று இல்லை. எதிர்ப்பக்கத்துக்கு ஒரே கட்டளை: அவனுடைய ஆளை ஸ்கிரீனுக்கு அனுப்பு. பத்துத் தரத்தில் ஆறு தரமாவது அந்த அணி கூடை வாங்காமல் வெளியே வந்தால், இறுதியாட்டத்துக்கு அவன் பெயரை முதல் ஐவரில் எழுதலாம்.